பெயருக்கு விட்ட இடம்

கல்லூரியில் அவளுக்குப் பெயர் நிகண்டு. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் வேரோடு பிடுங்கிக் காட்டுவாள் என்று எந்தக் குறும்புக்காரனோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. பட்டப்படிப்பை மட்டும் முடிக்காதவள். அப்பா போனபின் தம்பியைப் படிக்க வைக்கப் பாதியில் நிறுத்திவிட்டு, அதே கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்தாள். தம்பி படித்தான், உயர்ந்தான், இப்போது அங்கேயே சமஸ்கிருதத் துறைத் தலைவன். பகலில் அவனுக்குப் பாடக் குறிப்பு எழுதித் தருவாள். மாலையில், கல்லூரியிலேயே ஓர் அறையில், வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தானே வகுப்பெடுப்பாள். பேருந்து ஓட்டுநர், தையல்காரர், கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி என்று ஒரு கூட்டம். ஏட்டில் மட்டும் அது துறைத் தலைவர் நடத்தும் வகுப்பு. “டிகிரி இல்லாதவங்ககிட்ட என்ன பாடம்?” என்று பேராசிரியர்கள் காதுபடவே பேசுவார்கள். அது அவளை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தக் கல்லூரியில் ஆண்டுக்கு ஒருவருக்கு ‘ஆசாரியர்’ என்று பட்டம் கொடுப்பார்கள். அதில் ஒரு விநோத ஏற்பாடு. பாராட்டுரையில் பெயருக்கு இடம் விட்டுத்தான் எழுத வேண்டும். ஆளைப் பார்த்துப் புகழாமல் செயலைப் பார்த்துப் புகழட்டும் என்று யாரோ புண்ணியவான் நினைத்திருக்கிறான். பெயரை மேடையில்தான் சேர்த்து வாசிப்பார்கள்.

ஒருநாள் தம்பி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்.

“இந்த வருஷம் உனக்குத்தான்க்கா. குழுவுல பேசிட்டேன். வெளிய மூச்சு விடாதே. பாராட்டுரையையும் நீயே எழுதிடு.”

“என்னை நானே புகழ்ந்துக்கறதாடா? கேட்டா சிரிக்க மாட்டாங்க?”

“பேருதான் இல்லையே. யாருக்குத் தெரியும்?”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஒரு சொல் பெயருக்கு முன்னால் வந்துவிட்டால் போதும், அத்தனை வாயும் அடைபடும்.

முதலில் சொல்லைப் பற்றி எழுதினாள். ஆசாரம் என்றால் நடத்தை. நூல்களின் கருத்தைச் சேகரிப்பவர், பிறரை நல்வழியில் நிறுத்துபவர், அதற்கு முன் தானே அந்த வழியில் நடப்பவர், அவரே ஆசாரியர். பிழைப்புக்காகக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தவரை அந்தக் காலத்தில் உபாத்தியாயர் என்றார்கள். அதுதான் நம் வாயில் தேய்ந்து தேய்ந்து வாத்தியார் ஆயிற்று. பிறகு, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, தன்னைப் பற்றி எழுதினாள்.

விழா அன்று இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாலை வகுப்புக்காரர்களும் வந்திருந்தார்கள். முதல்வர் கணீரென்று வாசித்தார். “காய்ச்சலிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து மாலை வகுப்பை நடத்தியவர். தையல் ஊசி பிடித்த கைக்கு எழுத்தாணி கொடுத்தவர்.” எழுந்திருக்கத் தோதாக அவள் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள். முதல்வர் பெயரைச் சொன்னார்.

தம்பியின் பெயர்.

அரங்கம் கைதட்டியது. தம்பி பவ்வியமாகக் குனிந்தபடி மேடையேறினான். பின்னாலிருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “டீச்சர், இதெல்லாம் நீங்கதானே?” என்றார், அடங்காத குரலில்.

“பேசாம உக்காருங்க” என்றாள். அட பாவி, என் காய்ச்சலைக்கூடவா விட்டு வைக்கவில்லை?

சாயங்காலம் பட்டயத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, கோச்சுக்காதே. அடுத்த மாசம் முதல்வர் பதவிக்கு நேர்காணல். பட்டம் இருந்தா எடுப்பா இருக்கும். நீ வேற நான் வேறயா? இதை நம்ம வீட்டுலயே மாட்டிக்கலாம்.”

“முன்னாடியே தெரியுமா உனக்கு?”

அவன் பட்டயத்தை மாட்டச் சுவரில் இடம் பார்த்தான்.

“என்னை எழுத வச்சியே, அப்பவே தெரியுமாடா?”

“உன்னை மாதிரி யாரும் எழுத மாட்டாங்கக்கா.”

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். படிப்பையே கொடுத்தவள், இதையா பிடித்துவைத்திருக்கப் போகிறாள்? இப்படி ஏமாற்றிப் பிடுங்கிவிட்டானே என்பதுதான் தாங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் முன்னால் அழ மனமில்லை. உள்ளே போய் ஒரு சாவியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

“நடந்து காட்டறவன்தான் ஆசாரியன். காய்ச்சல்லகூட நீதான் வகுப்பெடுத்தேன்னு ஊரே கேட்டாச்சு. நாளையிலேர்ந்து நீயே போய் எடு. அவங்க காத்திட்டிருப்பாங்க.”

அவன் சாவியைப் புரட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“எந்த ரூமுக்கா?”