பட்டாபி நம்பிய சராசரி

டெல்லி ஜனக்புரியில் இரண்டு தமிழர்கள் புதிதாகச் சந்தித்தால் ஊர், உறவெல்லாம் பிறகுதான். "எந்த லெவல்ல ரிடையர் ஆனேள்?" என்பதுதான் முதல் கேள்வி. லெவலைச் சொன்னால் போதும். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பென்ஷன் எல்லாவற்றையும் கேட்டவர் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு முடித்திருப்பார். மத்திய சர்க்காரில் ஒரே லெவலில் இருக்கிற இருவருக்குள் பெரிய வித்தியாசம் வர வழியில்லை. பட்டாபி தன் உத்தியோக காலம் முழுவதையும் அந்த உலகத்தில் கழித்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். வெளியுலகத்திலும் சம்பளம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தது அவருடைய அசட்டுத்தனம். அதை யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

ஒரே பிள்ளை மாதவ் பாங்க் பரீட்சை எழுதுகிறேன் என்றுதான் சொன்னான். பட்டாபிதான் ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கம்ப்யூட்டர் மேற்படிப்பு, வகுப்பில் இருபதே பேர், முடித்தவர்களின் சராசரிச் சம்பளம் வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம்.

"சராசரின்னா ஒருத்தனுக்குக் கொஞ்சம் கூட வரும், இன்னொருத்தனுக்குக் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்டா" என்றார். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாதவ் சேர்ந்தான். ஓய்வின்போது வந்த தொகையில் பெரும்பகுதி ஃபீஸாகப் போயிற்று.

படிப்பு முடிந்து குர்கானில் வேலை கிடைத்தது. மாசம் முப்பதாயிரம். அதே சமயத்தில் கல்லூரிக்காரர்கள் பேப்பரில் விளம்பரம் போட்டார்கள்: இந்த வருஷம் இருபது பேருக்கும் வேலை, சராசரி பதினாலு லட்சம். பட்டாபி கணக்குப் போட்டார். மாசம் லட்சத்துக்கு மேல் வந்தது.

"மிச்சம் எங்கடா போறது?"

மாதவ் சம்பள ஸ்லிப்பைக் காட்டினான்.

"பிரைவேட்காரன் ஸ்லிப்ல ஒண்ணு போடுவான், கையில ஒண்ணு குடுப்பான். நேக்குத் தெரியாதா?"

"அப்பா, அது சராசரிப்பா. எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கு..."

"சராசரியை நீ நேக்குச் சொல்லித் தராதே."

அதற்குமேல் அவனைப் பேச விடவில்லை. குர்கானுக்குப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு மாதவ் முனிர்காவில் ஒரு நண்பனோடு அறை எடுத்துப் போய்விட்டான். ஒளிக்கிறவன்தான் ஓடுவான் என்று பட்டாபி தீர்மானித்துக்கொண்டார்.

அவர் மனைவி ருக்மிணி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏன்னா, கொழந்தை பொய் சொல்ல மாட்டான்" என்றாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்; ருக்மிணி கல்லும் இல்லை. காபி குடிக்கும்போதும் கறிகாய் நறுக்கும்போதும் பட்டாபி விளம்பரத்தைப் பற்றியே பேசினார். தீபாவளிக்கு மாதவ் ஒரு நூல் புடவை வாங்கி வந்தான். அவள் அதைப் பிரித்துப் பார்த்து, "இத்தனை வாங்கறவனுக்கு இதுக்குத்தான் மனசு வந்ததா?" என்றாள். மாதவ் சாப்பிடாமல் கிளம்பிப் போனான். இவளுக்கும் இப்போதாவது புரிந்ததே என்று பட்டாபிக்கு உள்ளூரத் திருப்தி.

பிறகு அவன் வரவில்லை. ஜனவரிக் குளிரில் ஒரு காலை ருக்மிணிக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

மாதவ் வந்து கொள்ளி வைத்தான். பதிமூன்று நாள் காரியமும் குறைவில்லாமல் செய்தான். அத்தனை நாளும் அந்த வீட்டில் சாஸ்திரிகள் குரல்தான் கேட்டது. அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவன் உள்ளே பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது இந்துஜா துக்கம் கேட்க வந்தாள். அவனோடு படித்தவள், அடுத்த பிளாக்கில் வீடு. என்ன பேசுவது என்று தெரியாமல் பட்டாபி பழைய வழக்கப்படியே கேட்டார்.

"நோக்கும் பதினாலா அம்மா?"

அந்தப் பெண்ணுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"அந்த விளம்பரமா அங்கிள்? எனக்கு மாசம் இருபத்தெட்டாயிரம். எங்க கிளாஸ்ல ஷ்ரவண்னு ஒரு பையன். அவனுக்கு அமெரிக்கால வருஷத்துக்கு ஒரு கோடியே அறுபது லட்சம். இன்னொருத்தனுக்கு அம்பது லட்சம். மத்த பதினெட்டு பேருக்கும் மூணரை, நாலு, அவ்வளவுதான். எல்லாத்தையும் கூட்டி இருபதால டிவைட் பண்ணிப் போட்டுட்டா. ஏன், மாதவ் சொல்லலையா?"

சொல்ல வந்தவனை வாயடைத்தது யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பட்டாபி மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. பதினாலு லட்சம் வாங்குகிறவன் அந்த இருபது பேரில் ஒருவன்கூட இல்லை. ஏட்டுச் சுரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையைத் திருடன் என்றிருக்கிறார்.

இந்துஜா போனதும் உள்ளே போனார். மொட்டைத் தலையோடு மாதவ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவள் பேசியதெல்லாம் அவன் காதிலும் விழுந்திருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்டா."

மாதவ் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"அம்மா கடைசி வரைக்கும் நம்பினாளாப்பா, நான் ஒளிச்சு வெச்சிருக்கேன்னு?"

இல்லை என்று சொல்லிவிடத்தான் பட்டாபி வாயைத் திறந்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனிடம் அந்தப் பொய் வரவில்லை.

"நம்பினாடா. நான் எது சொன்னாலும் அவ நம்புவா."

மாதவ் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நானும் அப்படித்தான்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.