கெங்கம்மாளின் பலகை

என் தங்கை கெங்கம்மாள் ஜெயித்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தானே எடுத்துச் சாப்பிடும் சோறு. தன் தலையைத் தானே வாரிக்கொள்ளும் உரிமை. உள்ளே இருந்து தானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் ஓர் அறை. திண்டிவனத்தில் ஒரு பொங்கலுக்கு நடந்த ஸ்லோ சைக்கிள் பந்தயத்தில் இரண்டாம் பரிசாக ஓர் எவர்சில்வர் தூக்கு. முதல் பரிசு வாங்கியவர் ஒரு போலீஸ்காரர். அவர் ஒருமுறை காலைத் தரையில் ஊன்றியதை நான் பார்த்தேன், நடுவர் பார்க்கவில்லை. கடைசியாக, எங்கள் பெரியப்பா அப்பாதுரையோடு நடந்த வாக்குவாதங்களில் இரண்டைத் தவிர மற்ற எல்லாம். அந்த இரண்டும் மழை வருமா வராதா என்பது பற்றியவை.

இவற்றில் எதையும் அவள் விரல்களை வைத்துக்கொண்டு ஜெயிக்கவில்லை. 1952 தை மாதம், பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தோம். மாடு பூட்டிய ஆலையில் கெங்கம்மாள் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தாள். வயது பதின்மூன்று. இடது கை உள்ளே போயிற்று. அதை இழுக்கப் போன வலது கையும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது இடது கை மணிக்கட்டோடு சரி. வலது கையில் உள்ளங்கை மட்டும் இருந்தது. கட்டைவிரல் உட்பட ஒரு விரலும் இல்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. "அதையே எழுதிக்கினு இருந்தா அப்பால நடந்தத எப்ப எழுதுவே?" என்பாள்.

அப்பால நடந்ததற்கு வருகிறேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, திண்டிவனத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போவேன். போகும்போதெல்லாம் அம்மா அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். எங்கள் அம்மா வெள்ளையம்மாள் பொறுமைசாலி. ஆனால் அந்தப் பொறுமைதான் கெங்கம்மாளுக்குத் தாங்கவில்லை.

கடையில் ஒரு பழைய சைக்கிள் சீட் கிடந்தது. அதன் தோலை அறுத்து, ஊறவைத்து, அவள் உள்ளங்கை அளவுக்கு ஒரு பட்டை தைத்தேன். அதில் ஒரு ஸ்பூனை ரிவிட் அடித்தேன். பட்டையை இறுக்க ஒரு பித்தளை பக்கிள். பட்டை தளராமல் இருக்க அதன் நாக்கை இரண்டு முறை மடித்துப் பக்கிளுக்குள் தள்ளும்படி செய்திருந்தேன். ஊரே வந்து பார்த்தது. "இது சீமைச் சாமான் மாதிரி இருக்குதுடா துரைக்கண்ணு" என்றார் பெரியப்பா. கெங்கம்மாள் தானே எடுத்துச் சாப்பிட்டாள். அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அடுத்த வாரமே சீப்புக்கு ஒரு பட்டை செய்தேன், அதற்கும் பித்தளை பக்கிள் வைத்து.

1955 பங்குனி உத்திரத்துக்கு மயிலம் தேர் பார்க்க எல்லோரும் வண்டி கட்டிப் போனோம். பசு கன்று போடும் நேரம் என்று கெங்கம்மாள் மட்டும் வீட்டில் தங்கினாள். அம்மா கிளம்பும்போது அவள் கையில் ஸ்பூனை மாட்டிவிட்டு, களியும் குழம்பும் எடுத்து வைத்துவிட்டு வந்தார். அவள் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகும் ஸ்பூன் கையில் இருந்தது. அதைக் கழற்றுவதற்கு வீட்டில் யாரும் இல்லை.

ஸ்பூனோடு காக்கை ஓட்டினாள். ஸ்பூனோடு படலைத் திறந்தாள். பசுவின் முதுகை ஸ்பூனோடு தடவியிருக்கிறாள், அது மிரண்டு கட்டுத்தறியையே சுற்றிவந்துவிட்டது. மத்தியானம் பெரியப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா கெங்கா, பசுவுக்கு ஊட்டப் போறியா?"

"கழட்டி விடுங்க பெரியப்பா. காலையிலேர்ந்து இதோட குடித்தனம் பண்ணிக்கினு கீறேன்."

பெரியப்பா உட்கார்ந்து பார்த்தார், நின்று பார்த்தார், பல்லால் இழுத்துப் பார்த்தார். நான் இரண்டு முறை மடித்த நாக்கு அவருக்கு அசையவில்லை. "பூட்டா செஞ்சிருக்கான் உங்கண்ணன்?" என்று திட்டிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பியபோது, பசு கன்று போட்டிருந்தது. கெங்கம்மாள் வாசலில் கையில் ஸ்பூனோடு, காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, இத மாட்டவும் ஒரு ஆளு வேணும், கழட்டவும் ஒரு ஆளு வேணும். அந்த ஆளே ஊட்டிட்டுப் போவலாமே. நடுவுல இந்த ஸ்பூனு எதுக்கு?"

நான் பக்கிளைக் கழற்றினேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் அவள் என்னிடம் கேட்டது பழைய ட்யூப். பஞ்சர் போட முடியாமல் தூக்கிப்போட்ட ட்யூப்களில் பெரியதும் சின்னதுமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துண்டை வாயால் கவ்வி, மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை அதற்குள் திணித்துத் திணித்துப் பார்த்தாள். ரப்பர் தோலைக் கவ்வியது, வழுக்கவில்லை. ஆனால் உள்ளே போகவும் மறுத்தது. ட்யூப் டயரோடு ஒட்டாமலிருக்க நாங்கள் கடையில் தூவும் வெள்ளைப் பவுடரை உள்ளே தூவினேன். கை சர்ரென்று போயிற்று.

அதிலிருந்து பலகை வந்தது. யோசனை அவளுடையது, அறுத்ததும் துளைத்ததும் நான். சுவரில் இடுப்பு உயரத்தில், தட்டு போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தேக்குப் பலகை. அதில் வரிசையாகப் பொந்துகள். ஒவ்வொரு பொந்திலும் ஒரு சாமான் தலைகீழாகச் செருகியிருக்கும். ஒன்று ஸ்பூன், ஒன்று சீப்பு, ஒன்று தாழ்ப்பாள் இழுக்கும் கொக்கி, ஒன்று பல் துலக்கும் பிரஷ். சாமான்களின் கைப்பிடி முனையில் ட்யூப் வளையம் மேலே பார்த்து வாய் திறந்து நிற்கும். அவள் உள்ளங்கையை உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் ஸ்பூன் கையோடு வந்துவிடும். வேலை முடிந்ததும் பொந்தில் செருகி, பக்கத்தில் அடித்த ஆணியில் ரப்பர் விளிம்பை மாட்டி இழுத்தால் கை வெளியே வந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் பவுடர் பிசுபிசுக்கும். அப்போது சீப்பு கழன்று கூந்தலிலேயே நின்றுவிடும். அதற்கும் அவளே பதில் கண்டுபிடித்தாள். முடியை வெட்டிக்கொள்ளச் சொன்ன பெரியப்பாவைக் கண்டபடி பேசிவிட்டு, விளிம்பில் இன்னொரு சின்ன வளையம் போடச் சொன்னாள்.

அப்பா காலமான பிறகு அம்மாவும் அவளும் என்னோடு திண்டிவனத்துக்கு வந்துவிட்டார்கள். பலகையும் வந்தது. பகலில் அவள் கடையில் உட்கார்ந்தாள்; ஹேண்டிலில் ஒரு ட்யூப் வளையம் மாட்டிச் சைக்கிளும் ஓட்டப் பழகினாள். வாடகை சைக்கிள் வியாபாரத்துக்கு மூலதனம் சைக்கிள் அல்ல, முகங்களை மறக்காமல் இருப்பது. நான் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்வேன். அவள் ஆளைப் பார்த்தாலே போதும்.

காலையில் வாடகைக்கு எடுத்ததை எங்கேயோ விட்டுவிட்டு வந்த ஓமந்தூர்க்காரர் ஒருவர், கடை வாசலில் நின்ற ஒரு நல்ல சைக்கிளைக் காட்டி, "இதுதாம்மா நான் காலையில எடுத்தது, வெளியில நிறுத்தியிருந்தேன், இப்போ மறுபடியும் எடுத்துக்கினு போறேன்" என்றார்.

"நீங்க எடுத்தது ஏழாம் நெம்பருங்க. அதுல பெல்லு அடிக்காது. வாயால கிளிங் கிளிங்னு சொல்லிக்கினே போனீங்க."

கடையே சிரித்தது. அந்த மனிதர் ஏழாம் நம்பரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து விட்டார், அவரும் சிரித்தபடியே.

1961 வைகாசியில் விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு கடை காலியாக இருப்பது தெரிந்தது. ரயிலை விட்டு இறங்கும் கூட்டத்துக்குச் சைக்கிள் வேண்டும். கடைக்குப் பின்னால் ஓர் அறை, கிணறு, எல்லாம் இருந்தன. நடராசன் என்ற நல்ல மெக்கானிக்கை அங்கே வைக்கலாம் என்று வீட்டில் சொன்னேன்.

"நடராசன் பஞ்சர் ஒட்டட்டும்," என்றாள் கெங்கம்மாள். "கடையை நான் பாத்துக்கறேன். அங்கியே தங்கிக்கறேன்."

"தனியாவா?" அம்மாவுக்குக் கையிலிருந்த முறம் நழுவியது. "யாரு உனக்குத் துணை?"

"பலகை வருதில்ல? இங்க அது சுவத்துல தொங்கறப்போ நீ எனக்கு இன்னா பண்றே? சும்மா பாத்துக்கினுதானே கீறே."

அம்மா குனிந்து முறத்தை எடுத்தார். அவள் சொன்னது உண்மையாக இருந்தது.

நாங்கள் இருவரும் விழுப்புரம் போனோம். கட்டடக்காரர் சக்கரபாணி, வெற்றிலை போட்ட வாயோடு மெதுவாகப் பேசுபவர், நியாயமானவர். அவருக்குப் பக்கத்தில் பத்திரம் எழுதும் அரங்கநாதன். ஒப்பந்தம் யார் பெயரில் என்று கேட்டார். "கெங்கம்மாள் பேர்ல" என்றேன். அரங்கநாதன் பேனாவை எடுத்தார், அவள் கையைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

"கையெழுத்துப் போடுவியாம்மா?"

"ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் படிச்சதுங்க. மறந்துபோச்சு."

"அப்போ ரேகை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். ரேகை வைக்க விரல் எங்கே? கொஞ்சம் யோசித்துவிட்டு, "கால் கட்டைவிரல் ரேகை வெக்கலாம். எங்க பக்கத்துல வெச்சிருக்காங்க" என்றார்.

கெங்கம்மாள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "எல்லாரும் பாக்க இந்தக் கடைத்தெருவுல கால நீட்டிக்கினு உக்காரவா? மாட்டேங்க."

"அப்ப உங்க அண்ணன் பேர்ல எழுதிடலாமே. வேலை சுலபம்" என்றார் சக்கரபாணி.

"அண்ணன் பேர்ல எழுதினா அது அண்ணன் கடைங்க. நாளைக்கு அண்ணன் வந்து நீ எழுந்திருன்னா நான் எழுந்திருக்கணும்."

"நான் சொல்லுவேனா?" என்றேன்.

"சொல்லமாட்டே. ஆனா சொல்லலாமில்ல?"

சக்கரபாணி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். ஆடியில் யாரும் கடை திறக்கமாட்டார்கள். சோடாக் கடைக்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனி பிறக்கிற அன்றைக்குக் கெங்கம்மாள் வந்து தன் கையெழுத்தைப் போட்டால் கடை அவளுக்கு, இல்லாவிட்டால் சோடாவுக்கு. "நான் கறாரா பேசறேன்னு நெனைக்காதேம்மா," என்றார். "பத்திரம்னா பத்திரம்தான்."

திண்டிவனம் திரும்பும் ரயிலிலேயே அவள் ஜன்னல் தூசியில் உள்ளங்கையின் ஓரத்தால் எழுதிப் பார்த்தாள். வீட்டில் பென்சிலுக்கு ஒரு ட்யூப் வளையம் செய்தேன், பலகையில் ஒரு புதுப் பொந்து துளைத்தேன். எழுத்துகள் பத்து நாளில் நினைவுக்கு வந்துவிட்டன. தொல்லை வேறு இடத்தில் இருந்தது. அவளுக்கு விரலும் இல்லை, மணிக்கட்டை மடக்கவும் வராது. தோளிலிருந்து கை முழுவதும் அசைந்தால்தான் பென்சில் அசையும். அதனால் 'கெ' மட்டுமே ஒரு பக்கத்தை அடைத்தது. கொம்பு போட்டு முடிப்பதற்குள் தாள் தீர்ந்துவிடும். கடைச் சுவரில் எழுதச் சொன்னால் தேர்தல் விளம்பரம் போல அழகாக எழுதினாள். பத்திரத்தின் அடியிலோ ஒரு சாண் இடம்தான் இருக்கும்.

"சோடாக்காரன் அதிர்ஷ்டக்காரன்" என்றார் ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா.

"நீங்க அவன் கடையில போய் சோடா குடிங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

ஒருநாள் அவள் எழுதுவதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை கொஞ்சம் நகர்ந்தாலே, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பென்சில் முனை நிறைய நகர்ந்தது. மிதிக்கட்டையின் தண்டு நீளமாக இருந்தால், அச்சு கொஞ்சம் திரும்பினாலே கால் நிறையத் தூரம் போவது போல. பென்சிலை வாங்கி ஒடித்து, அரை விரல் நீளத்துக்குச் சீவி, வளையத்தை ஒட்டியே முனை நிற்கும்படி வைத்தேன். முழங்கைக்கு அடியில் ஒரு மணல் மூட்டையைக் கொடுத்தேன்.

'கெ' சுருங்கியது. பக்கத்தில் 'ங்' வந்தது. 'கம்மாள்' தாளின் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது, ஆனால் உள்ளேயே நின்றது. அவள் இன்னொரு தாளை முழங்கையால் இழுத்துக்கொண்டாள்.

ஆனி முதல் நாள் காலை ரயிலில் விழுப்புரம் போனோம். என் பையில் மணல் மூட்டை, பவுடர் டப்பா, நீளத்தை வெட்டிக் குட்டையாக்கிய மைப் பேனா. அம்மாவும் வந்தார். அரங்கநாதன் வீட்டு வாசலில் சோடாக் கடைக்காரரும் ஓர் ஓரமாக நின்றிருந்தார். நிற்க வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

அரங்கநாதன் பத்திரத்தை உரக்கப் படித்தார். இரண்டு படிகள். இரண்டிலும் கையெழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். அது எங்களுக்குத் தெரியாது. அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

நான் பேனாவை மேசையில் நிறுத்தி வைத்தேன். மாட்டிவிடக் கை நீட்டிய சக்கரபாணியை, "வேணாங்க, அதுக்குத்தான் இவ்ளோ பேஜாரு பட்டது" என்று தடுத்துவிட்டு, கெங்கம்மாள் தானே உள்ளங்கையை வளையத்துக்குள் அழுத்தினாள். முழங்கையை மூட்டையில் ஊன்றினாள். முதல் படியில் எழுதினாள். 'ம்' புள்ளி கொஞ்சம் தடித்துவிட்டது. இரண்டாவது படியில் எழுதினாள். அங்கேயும் புள்ளி அதே அளவுக்குத் தடித்தது.

சக்கரபாணி இரண்டையும் அருகருகே வைத்து, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். சோடாக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். அவர்தான் முதலில் சொன்னார்: "ஒண்ணாத்தான் கீதுங்க."

"சாவி குடுங்க ஐயா," என்றாள் கெங்கம்மாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க ரெண்டு பேரும் ஜல்தி கிளம்புங்க. சாயங்கால வண்டி போயிடப் போவுது. பலகைய மட்டும் நாளைக்கு அனுப்பிடுண்ணா."

அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்ட நாள் 1961 ஜூன் 15, வியாழக்கிழமை.