மேசையில் இரண்டு தட்டு

அல்வினாவின் இடது கை, முட்கள் மேலே பார்க்கத் திருப்பி வைத்த தரை தேய்க்கும் பிரஷில் ஐந்து ஆட்டச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகியது. வலது கை, பக்கவாதம் வந்ததிலிருந்து மடியில் தூங்குகிறது. பிரஷ், அவளைக் கவனித்துக்கொள்ள வீட்டுக்கு வந்திருக்கும் என் யோசனை. ஒற்றைக் கைக்காரர்களுக்கு அதைவிட நல்ல சாதனம் கிடையாது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மண் சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். கணவன் போன பிறகும் ஞாயிறு மத்தியானச் சீட்டை விடவில்லை. இப்போது பேச்சு இல்லை. ஆமாம், இல்லை இரண்டுக்கும் தலை ஒரே மாதிரி ஆடும். அதை நம்ப முடியாது.

மகள் ஜோலீனுக்கு அதுதான் சங்கடம். லிங்கன் நகரத்து முதியோர் இல்லத்தில் அறை பார்த்துவிட்டாள். திங்களன்று பதில் சொல்ல வேண்டும். "அங்க போயிடலாமாம்மா?" என்று வாரம் முழுக்கக் கேட்டாள். அம்மா கட்டில் விளிம்பை இரண்டு தட்டுத் தட்டுவாள். ஜோலீன் தண்ணீர் கொடுப்பாள். நான் போர்வையைச் சரிசெய்வேன்.

ஆட்டம் எளிது. நடுவில் காசுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு சோளமணி, கையில் ஐந்து சீட்டு. ஜாக்கி ஜோடியோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் பந்தயத்தைத் தொடங்கலாம். பிடிக்காத சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அத்தனை புதுச் சீட்டு வாங்கலாம். பிறகு இன்னொரு சுற்றுப் பந்தயம். ஈடு கொடுக்க விரும்பாதவர் சீட்டைப் போட்டுவிட்டு விலகுவார்; எல்லோரும் விலகினால், கையில் எதுவும் இல்லாவிட்டாலும் மிஞ்சியவருக்கே வெற்றி.

அந்த ஞாயிறன்று பனி சன்னலை மூடிக்கொண்டே வந்தது. வயல் போயிற்று, வேலி போயிற்று. அடுப்புக் கதகதப்பில் மேசை மட்டும் எங்கோ வெண்மையில் மிதப்பதுபோல இருந்தது. சீட்டு விழும் சத்தம்கூடத் தொலைவிலிருந்து வந்தது. பக்கத்துப் பண்ணை ஹெர்மன் பந்தயத்தைத் தொடங்கினார். நான் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டேன். மற்ற இருவரும் தொடர்ந்தார்கள்.

"உனக்கு எத்தனை புதுச் சீட்டு, அல்வினா?" என்று கேட்டார் ஹெர்மன்.

தட்டு, தட்டு.

ஜோலீன் தண்ணீரை நகர்த்தினாள். "தாகமாம்மா?"

"தண்ணியை எடு தாயே! உங்கம்மா சீட்டு வேண்டாங்கறா. இருக்கறதே போதுமாம். பேச்சு நல்லா இருந்த காலத்துலயும் இப்படித்தான் தட்டுவா" என்றார் ஹெர்மன்.

ஜோலீனின் கை அப்படியே நின்றது. "சின்ன வயசுல இந்த மேசைக்கு அடியிலதான் தூங்குவேன். தலைக்கு மேல இந்தச் சத்தம் கேக்கும். கனவுன்னு நெனச்சேன்."

அல்வினா தன் சோளமணி அத்தனையையும் நடுவே தள்ளினாள். ஜோலீன் சீட்டைப் போட்டு விலகினாள்.

"இவ்வளவு திமிர்னா பெரிய கைதான்" என்று ஹெர்மனும் போட்டுவிட்டு, பிரஷை எட்டிப் பார்த்தார். "அடிப்பாவி! ஒரு ஜோடிகூட இல்ல!"

அல்வினாவின் வாய் ஒரு பக்கம் சிரித்தது.

ஜோலீன் நாற்காலியைக் கிட்டே இழுத்தாள். "அம்மா, லிங்கன் போலாமா?"

தட்டு, தட்டு.

"இங்கயே இருந்தா கஷ்டம்மா. கையில ஒண்ணுமே இல்லையே."

தட்டு, தட்டு. இந்த முறை சோளமணிகள் துள்ளின.

மறுநாள் காலை ஜோலீன் தொலைபேசியில் அந்த அறை வேண்டாம் என்றாள். பிறகு அவளும் ஹெர்மனும் கட்டிலைத் திட்டிக்கொண்டே மாடியில் அதைக் கழற்றி, கீழே சமையலறைக்குப் பக்கத்து அறையில் மறுபடி பொருத்தினார்கள். நான் கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றைத் திருகி மாட்டினேன், இடது பக்கமாக.