பட்டினி போட வேண்டிய தட்டு

செல் வளர்க்கும் அறையில் அவளுக்கு ஆயாம்மா என்று பெயர். கண்ணாடித் தட்டுகளில் வளரும் செல்களுக்கு வேளை தவறாமல் ஊட்டத் திரவம் மாற்றுவது அவள் வேலை. கை சுத்தம், வாய் அடக்கம். பெரிய கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை, சொல்லவும் ஒன்றுமில்லை.

ஒழுங்கான செல் தன் இஷ்டத்துக்கு வளராது. வெளியிலிருந்து 'வளர்' என்று ஒரு சேதி வந்து அதன் மேல்தோலைத் தொட வேண்டும். சேதி உள்ளே கைமாறிக் கைமாறி உட்கருவுக்குப் போகும், அங்கே உறங்கும் மரபணுக்கள் விழிக்கும், செல் இரண்டாகும். திரவத்தில் கலக்கும் சீரம் என்ற ரத்தத் தெளிநீரில் இப்படிப்பட்ட சேதிகள் ஏராளம். அதனால் மருந்தைச் சோதிக்கும் முன் சீரத்தை நிறுத்திச் செல்களைப் பட்டினி போடுவார்கள். சந்தடி அடங்கினால்தான் மருந்து எதை மறிக்கிறது என்று தெரியும்.

இந்த முறை வந்தவை அவள் தம்பியின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த செல்கள். புது மாத்திரைக்கு அவை அடங்குமா என்று பார்க்க, ஆராய்ச்சியாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளே ஏற்பாடு செய்தது. அடங்காவிட்டால் தன்னிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மாலையில் மற்றத் தட்டுகளைப் பட்டினி போட்டாள். தம்பியின் தட்டுக்கு வந்ததும் கை நின்றது. காலையில் அவனுக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. அவனைத் தின்பவையே இவைதான் என்று புத்திக்குத் தெரியும். கை புத்தியைக் கேட்கவில்லை, சீரத்தை ஊற்றிவிட்டது.

மாத்திரை போட்டும் செல்கள் பெருகின. ஆராய்ச்சியாளர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அடங்கலையேம்மா."

"மேடம்... அதுக்கு மட்டும் நான் சீரம் ஊத்திட்டேன்."

"ஆயாம்மான்னு கூப்பிட்டா நிஜமாவே ஆயாவாயிடறதா?" அவர் கோபம் பாதியில் இறங்கியது. "சீரம் இருந்தா அது வேற வழியா சேதி வாங்கிக்கும். இந்த முடிவு செல்லாது. அந்த செல் மிச்சம் இருக்கா?"

"ஒரே ஒரு தடவைக்கு இருக்கு மேடம்."

செய்த தவறை நினைத்து மனிதர்கள் மகிழ்வது அபூர்வம். அவள் மகிழ்ந்தாள். தப்பு தன் கையில்தான், தம்பியின் உடம்பில் இல்லை என்று நம்ப இடம் கிடைத்துவிட்டதே. இம்முறை ஒரு சொட்டுச் சீரம் இல்லாமல் பட்டினி போட்டு, மாத்திரையைக் கலந்தாள்.

மற்றத் தட்டுகள் ஓய்ந்து கிடந்தன. தம்பியின் செல்கள் அப்போதும் பெருகிக்கொண்டிருந்தன.

"வெளியிலேர்ந்து யாரும் ஒண்ணும் சொல்லலை," என்றார் ஆராய்ச்சியாளர். "உள்ளேயே ஒரு மரபணு கெட்டுப்போய், வளர் வளர்னு அதுவே கத்திக்கிட்டிருக்கு. மாத்திரை வாசல்ல காவல் நிக்குது. திருடன் வீட்டுக்குள்ள இருக்கான்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் தம்பி சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா, நம்மாளுங்க என்ன சொல்றாங்க?"

"அடங்க மாட்டேங்கறாங்கடா."

"பட்டினி போட்டுமா?"

"போட்டும்தான்."

"எனக்கு அந்த வித்தை தெரியாமப் போச்சே." சிரிக்கப் போய் இருமினான். இருமல் நிற்க நேரமாயிற்று. "அப்ப மாத்திரை கிடையாது."

"கிடையாது."

"வீட்டுக்குப் போயிடலாமாக்கா?"

கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.