மூலையில் ஓர் இம்மி

சென்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆற்றுப் பாலத்தின் முனையில் நின்று வண்டி எண்ணிக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்தவை முப்பத்தொன்று. அந்தப் பக்கம் போனவை இருபத்தாறு. மீதி ஐந்து வண்டிகளும் ராத்திரி எங்கே தங்கும்?

உமக்கு எதற்கு இந்தக் கவலை என்று கேட்பீர்கள். எண்ணாமல் சும்மா நின்றால் வேறு கவலை வந்துவிடும் – அதற்காகத்தான்.

அந்த வேறு கவலையின் பெயர் ஞானமுத்து.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. எழுதுகிறார். கணக்குப் பாடத்தில் இரண்டு முறை தவறிவிட்டது. அவருடைய பள்ளிக்கூடம் அடுத்த வருஷம் ஹைஸ்கூல் ஆகிறது. பி.ஏ. கையில் இருந்தால் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் உடன்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். மனைவி எஸ்தர் அம்மாளுக்கோ பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. அவர் ஓர் ஊரில், இவர் ஓர் ஊரில்... வீடு இரண்டு, அடுப்பு இரண்டு.

நான் காலேஜில் கால்குலஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மூன்றாம் முறை எழுதுவதற்கு முன் என்னிடம் வந்தார்.

சனிக்கிழமைதோறும் அவருடைய வகுப்பறையிலேயே பாடம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் மோவாயைத் தொட, அவர் உட்கார்ந்திருப்பார். விதிகள் அத்தனையும் மனப்பாடம். ஆனால் ஒரு விதியை அடியிலிருந்து நிறுவிக் காட்டச் சொன்னால் விடையின் கடைசியில் ஒரு வால் தொங்கும். எந்தக் கணக்கானாலும் அதே வால். இந்த வாரம் வெட்டினால் அடுத்த வாரம் முளைத்துவிடும்.

ஒருநாள் பொறுமை இழந்து போர்டில் சதுரமாக ஒரு வயல் வரைந்தேன்.

"பக்கத்தை இம்மியளவு நீட்டும் வே. வயல் எவ்வளவு கூடும்?"

"ரெண்டு ஓரத்திலயும் நீளமா ரெண்டு பட்டை. மூலையில குட்டியா ஒரு சதுரம்."

"சரி. பட்டை ரெண்டையும் வச்சுக்கிடும். மூலையை விட்டுரும். அதுதான் உம்ம வாலு."

அவர் விடவில்லை. "மூலைத் துண்டு அப்ப யாருக்கு ஐயா?"

"யாருக்கும் இல்ல."

"அது எப்படி? எங்க மாமா இந்த மாதிரி ஒரு துண்டுக்குத்தான் அம்பாசமுத்திரம் கோர்ட்டுக்கு நடையா நடக்காக."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் பைய எழுந்து போர்டுக்குப் பக்கத்தில் வந்தார்.

"கேலி பண்ணல ஐயா. இம்மின்னு சொன்னீக. இம்மிய விட்டா கணக்குத் தப்புன்னு பயலுகள வெரல் முட்டியில அடிச்சிருக்கேன். இப்ப நானே எப்படி விட?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நமக்கு இம்மி என்றால் ஏதோ துளி, பேச்சுவாக்கில் வந்து விழுகிற சொல். அவருக்கு அப்படி இல்லை. அரை, கால், அரைக்கால், வீசம் என்று தொடங்கி, காணி, முந்திரி என்று இறங்கி, இம்மி வரைக்கும் தினமும் காலையில் பிள்ளைகளை ஓத வைக்கிறவர். அவருடைய இம்மி ஓர் எண். அதற்கென்று அளவு உண்டு, வாய்பாட்டில் இடம் உண்டு. அளவுள்ள ஒன்றைத் தூக்கிப் போடு என்றால் யோக்கியமான மனுஷன் எப்படிப் போடுவான்?

இரண்டு முறை அவரைத் தவற வைத்தது மந்த புத்தி இல்லை. நாணயம்.

காலேஜில் என்னிடம் படித்த பையன்கள் மூலையை விடு என்றதும் விட்டார்கள். ஏன் என்று ஒருவனும் கேட்டதில்லை. நன்றாகத் தேறினார்கள். அவர்களுக்குக் கால்குலஸ் புரிந்திருந்ததா?

அவரை அழைத்துப் போக வந்த எஸ்தர் அம்மாள் குடையோடு வாசலில் நின்றிருந்தார். "இவுகளுக்கு எதையும் விட மனசு வராது ஐயா. வீட்டுல அறுந்த செருப்பு மட்டும் நாலு சோடி கெடக்கு."

சாக்பீஸை ஞானமுத்து கையில் கொடுத்தேன். "விடவே வேண்டாம் வே. அளந்து பாரும். பட்டையோட அகலம் கால்னா மூலை எவ்வளவு?"

"காலில் கால்... வீசம்."

"அகலம் அரைக்கால்னா?"

"கால் வீசம்."

"அகலம் பாதியாச்சு, பட்டையும் பாதியாச்சு. மூலை?"

"அது நாலில் ஒண்ணா ஆயிட்டு." குரல் கொஞ்சம் மாறியது.

"அகலம் வீசம்னா?"

உதடு வாய்பாட்டை ஓட்டிப் பார்த்தது. "வீசத்தில் வீசம்... வாய்பாட்டுல அதுக்குத் தனிப் பேரே இல்லையே ஐயா."

"அகலம் இம்மின்னா?"

"இம்மியில் இம்மி." போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்துவிட்டார். "பட்டை நடந்து போகுது, மூலை ஓடிப் போகுது. நாம அத விட வேண்டாம் ஐயா. அதுல்லா நம்மள விட்டுட்டுப் போகுது."

கால்குலஸை இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"அப்ப அந்தச் செருப்பு?" என்றார் எஸ்தர் அம்மாள்.

பரீட்சை எழுதி வந்தார். மதராஸில் இருக்கும் அவருடைய மைத்துனர் முடிவைப் பார்த்துத் தந்தி அடிப்பதாக ஏற்பாடு. தந்தி வந்ததும் பாலத்துக்கு வந்து என்னிடம் சொல்வதாகப் பேச்சு. அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை அங்கே நின்றேன்.

இருட்டத் தொடங்கும்போது வண்டிகளுக்கு நடுவே ஒரு குடை தெரிந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் குடை விரிந்திருந்தது. அதற்கடியில் இருவர். பக்கத்தில் வந்ததும் ஞானமுத்து குடையை மடக்கினார். அம்மாள்தான் சொன்னார்.

"உடன்குடிக்குப் போக வேண்டாம் ஐயா."

சந்தோஷம் என்று சொல்ல வேண்டிய இடம். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "கணக்குல எத்தனை மார்க்கு?"

"தந்தியில அதெல்லாம் இல்ல ஐயா."

"பாஸாக வேண்டியதுக்கு ஒண்ணு கூட இருந்துதா, ரெண்டு கூட இருந்துதா? தெரிஞ்சுக்கிடணும்லா?"

"ஒரு இம்மி கூட இருந்திருக்கும்" என்றார் எஸ்தர் அம்மாள். "விட்டுருங்க ஐயா."

விட்டுவிட்டேன். அன்றைக்கு முப்பத்தொன்றுக்கு மேல் எத்தனை வண்டி வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

புதன்கிழமை பாலத்துக்குப் போய் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.