எட்டாம் பக்கத்துப் பிழை

“இனி ஆர் பேப்பர் வாசிக்கிறது? எல்லாம் இன்டர்நெட்டில வருதே!” — வெள்ளவத்தையில் என்னைக் காணும் தோழிகள் எல்லாருக்கும் இதே கேள்விதான். சிரித்துவிட்டுப் போவேன். இந்த வாரம் சிரிக்க முடியவில்லை.

எங்கள் சின்ன வாரப் பத்திரிகை ஓடுவது என் பத்தியால் அல்ல. எட்டாம் பக்கத்தால்! பிறந்தநாள் வாழ்த்தும் நினைவஞ்சலியும் வரும் பக்கம். அதற்கு நான்தான் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் பக்கத்தில் பிழை வராது என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வாரம் வந்தது.

மட்டக்குளி பிலோமினா அன்ரியின் மகனை ஏழு மாதத்துக்கு முன் வெள்ளை வேனில் வந்தவர்கள் கொண்டுபோனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனுடைய பிறந்தநாளுக்கு வாழ்த்துப் போடச் சொல்லி அன்ரி படம் தந்தார். நான் வழக்கம்போலப் பழைய அறிவித்தல் ஒன்றைக் கொப்பி பண்ணிப் படத்தை மாற்றினேன், பெயரை மாற்றினேன். மேலே இருந்த ‘நினைவஞ்சலி’யை மாற்ற மறந்துபோனேன்...

பேப்பர் வெளிவந்த மறுநாள் மத்தியானம், ஒபிஸ் போன் அடித்தது. ஆண் குரல். அதில் கோபமே இல்லை.

“எட்டாம் பக்கத்தில பிழை இருக்கு. அந்தப் பொடியன் சாகேல்ல. திருத்திப் போடுங்கோ.”

“ஓம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் அவருக்குச் சொந்தமோ?”

“காலமையும் பாண் சாப்பிட்டவன்.”

வைத்துவிட்டார்.

யார் அது? எங்கிருந்து? அவனை வைத்திருக்கிற இடத்துக்கு எங்கள் பேப்பர் எப்படிப் போனது? ஒருவேளை பேக்கரியில் அந்தப் பாணை அதில் சுற்றிக் கொடுத்திருப்பார்கள். இன்டர்நெட்டில் பாண் சுற்ற முடியாதே!

அன்று பின்னேரமே அன்ரி பேப்பரும் கையுமாக வந்தார். ஏச்சு விழமுன் நடந்ததைச் சொன்னேன். கதிரையில் இருந்தவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

“வெறும் பாணோ? சம்பல் ஏதும் குடுத்தவங்களாமோ?”

பேனையை எடுத்தேன். “இந்த வாரம் திருத்தம் போடுறன் அன்ரி. பெரிசா.”

“உனக்கென்ன விசரோ பிள்ளை? திருத்தினா அந்தப் போன் எடுத்தவன் ஏன் திரும்ப எடுக்கப்போறான்? பிழையாவே போடு!”

படித்த படிப்பெல்லாம் பிழை திருத்தத்தான். ஆனாலும்... இந்த வாரமும் எட்டாம் பக்கத்தில் அதே படம், அதே தலைப்பு. தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

வாசகர்களே, தயவுசெய்து நீங்கள் யாரும் எங்களுக்குப் போன் எடுக்காதீர்கள் — ஒருவருக்காக லைனைக் காலியாக வைத்திருக்கிறோம்.