பூஞ்சைக்கு வைத்த தங்கத் தண்ணீர்

மணமேல்குடிப் பக்கம் காளான் வேண்டுமென்றால் என் கொட்டகைக்குத்தான் வரவேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். துபாயில் கம்பி கட்டிவிட்டு ஊர் திரும்பி, வைக்கோலில் சிப்பிக் காளான் முளைக்க வைத்தேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்றைக்கு அரைக் கிலோவுக்கு என் வாசலில் நிற்கிறார்கள். காளான் விதை தயாரிக்கிற என் வித்து அறை மாதிரி சுத்தமான அறை ஆஸ்பத்திரியில்கூடக் கிடையாது. இது பார்த்தவர்கள் சொன்னது. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அறையை நம்பித்தான் என் மைத்துனர் மகள் வந்தாள். ஆராய்ச்சிப் படிப்பில் கடைசி வருஷம். கல்லூரியில் ஏசி பழுதாகி, வளர்த்ததில் பாதி கெட்டுப்போயிருந்தது. மிஞ்சிய மூன்று கண்ணாடிக் குடுவைகளையும் ஒரு பாட்டில் சிவப்புத் தண்ணீரையும் மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தாள்.

"என்னம்மா வளக்குறே?"

"கரும்பூஞ்சை மாமா."

அறை வாசலை மறித்து நின்றுகொண்டேன். காளான்காரனுக்குக் கரும்பூஞ்சை, கோழி வளர்ப்பவனுக்குக் கீரிப்பிள்ளை மாதிரி. ஒரு புள்ளி தெரிந்தாலே பையோடு தூக்கிக் கொளுத்துகிறவன் நான். தண்ணீர் ஊற்றுகிற நேரம் தவிர மூடியைத் திறக்கவே மாட்டேன் என்று அவள் உறுதி சொன்ன பிறகுதான் உள்ளே விட்டேன்.

சிவப்புத் தண்ணீரில் இருந்தது தங்கம். அத்தனை பொடியாகிவிட்டால் தங்கம் சிவப்பாகத்தான் தெரியுமாம். பூஞ்சையின் நூல்கள் அதில் வளர வளர, துகள்கள் நூலின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். நூல்தான் அச்சு. முடிவில் கண்ணுக்குத் தெரியாத தங்கக் குழாய் கிடைக்கும்.

"அட, நாங்க துபாயில செஞ்ச வேலைதானே" என்றேன். "கம்பியக் கட்டி மேல கான்கிரீட்டப் போடுறது. ஒன் கம்பிக்கு உசுரு இருக்கு, அம்புட்டுத்தான்."

"எங்க சார்கூட இவ்வளவு சுருக்கமாச் சொன்னதில்ல மாமா."

இதை நான் ஊரெல்லாம் சொல்லவில்லை. எதிரில் வந்தவர்களிடம் மட்டும் சொன்னேன்.

இன்னும் ஒரே ஊற்று பாக்கி. ஞாயிறு சாயங்காலம் அந்தப் பாட்டிலை மூன்று குடுவைக்கும் பிரித்து ஊற்றினால்தான் நூல் முழுக்கத் தங்கம் மூடும். புதன்கிழமை பெரிய மைக்ராஸ்கோப்பில் அவளுக்கு முறை. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை எப்போது வருமோ, படிப்பும் அதோடு தள்ளிப்போகும்.

அதே ஞாயிறுதான் என் மகள் மறுவீடு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக் கார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஆரத்தி கரைக்க என் கொழுந்தியாள் ஓடினாள். சுண்ணாம்பு டப்பா காய்ந்து கல்லாகிக் கிடந்தது. வித்து அறை அலமாரியில் சிவப்பாக ஒரு பாட்டிலைப் பார்த்தவள், யாரோ விவரமானவர்கள் முன்கூட்டியே கரைத்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினாள். பாதியைத் தட்டில் ஊற்றி, போதாததற்குப் போர் தண்ணீரைக் கலந்து, வெற்றிலையில் சூடம் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

எங்கள் போர் தண்ணீர் கடலுக்குப் பங்காளி. பருப்புகூட வேகாது.

முதல் சுற்றில் சிவப்பு. அடுத்த சுற்றில் கத்திரிப்பூ நிறம். அதற்கடுத்து நல்ல நீலம்.

"என்னங்க, ஆரத்தி நெறம் மாறுது?" என்றார் சம்பந்தி.

பின்னால் நின்ற மைத்துனர் மகளின் முகத்தைப் பார்த்தேன். விஷயம் விளங்கிவிட்டது. ஆரத்தியை நடுவில் நிறுத்தினால் சம்பந்தி அப்படியே காரில் ஏறிவிடுவார்.

"அசல் தங்கம் சம்பந்தி" என்றேன். "மஞ்சளும் சுண்ணாம்பும் மத்தவங்க வீட்டுல. நம்ம மாப்பிள்ளைக்குத் தங்கத்தையே கரைச்சுச் சுத்துறோம். திருஷ்டி எறங்குனா நீலமாயிரும்."

சம்பந்தி தட்டையும் மகனையும் மாறிமாறிப் பார்த்தார். "இருக்காதா பின்ன. என் மகன் அழகுக்கு ஊரு கண்ணே பட்டிருக்கும்."

மாப்பிள்ளை நெற்றியில் நீலப் பொட்டோடு உள்ளே போனார். தட்டில் இருந்தது தெருவுக்குப் போனது.

வித்து அறையில் அந்தப் பெண் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உப்பு பட்டா துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் மாமா. நூல்ல ஏறாது. மிச்சப் பாதிய மூணுக்கும் பிரிச்சா மூணுமே அரைகுறையாப் போயிரும்."

"பிரிக்காதே. நல்லா வளந்திருக்க ஒண்ணுக்கே ஊத்து" என்றேன். நான் சொல்வதற்கு முன்பே அவள் கை நடுக்குடுவையில் இருந்தது. இருந்தாலும் சொன்னவன் நான்.

கொழுந்தியாள் கதவோரம் வந்து நின்றாள். "ஏன்டி, பூஞ்சைக்குத் தங்கமா போட்டுவிடுறீக? ஒங்க மாமன் எனக்கு ஒரு மூக்குத்தி எடுத்துத் தந்திருப்பாரா?"

அந்தப் பெண் அப்போதுதான் சிரித்தாள். சிரித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள்.

புதன்கிழமை போனில் படம் வந்தது. மீன் முட்டை அப்பிய வலைக்கயிறு மாதிரி ஒரு நூல், இடைவெளி இல்லாமல் தங்க மணிகள். மற்ற இரண்டும் அங்கங்கே வழுக்கை.

"ஒண்ணு போதும்னு சார் சொல்லிட்டார் மாமா. படிப்ப முடிச்சிரலாம்."

"நன்றி சொல்ற பக்கம்னு ஒண்ணு இருக்குமாமே?"

"ஒங்க பேரு இருக்கு மாமா. கடைசிக்கு முந்தி."

"கடைசி யாரு?"

"சின்ன அத்தை. பாட்டில்ல பாதிய விட்டு வச்சாங்கள்ல."

இதை நான் கொழுந்தியாளிடம் இன்னும் சொல்லவில்லை.